விசில் ஊதின பிறகு கும்பிடலாம்

ஹொல்ஸ்டெப்ரோ என்ற டெனிஷ் ஊரில் கதவு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் குகநேசனுக்கு வேலை. கதவைச் செய்வது இயந்திரம். செய்து முடிந்த கதவைத் தூக்கி அடுக்குவது குகநேசன். அகலமான மனிதர். கழுத்து என்று தனியாக எதுவும் கிடையாது, தலை நேரே தோளில் குடியிருக்கும். மட்டக்களப்பில் இருந்து வரும்போது ஒல்லியாகத்தான் வந்தார் என்று மனைவி றஜனி சொல்லுவாள். நம்புவதற்கு ஒரு படமும் இல்லை.

இந்த உடம்புக்குத் தமிழர் மத்தியில் ஒரு நிரந்தர உத்தியோகம் இருந்தது. கலியாணமோ சாமத்தியச் சடங்கோ, சமையலறையில் இருந்து சாம்பார்க் கிடாரம் மண்டபத்துக்குள் வரும்போது அதற்கு முன்னால் போகிறவர் குகநேசன். கிடாரத்தை இரண்டு பேர் பின்னால் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவருடைய கையில் ஒன்றும் இருக்காது. "சுடுகுது, சுடுகுது, விலத்துங்கோ!" என்று ஒரு குரல். பிறகு தோள். பந்திக்கு நிற்கிற கூட்டம், வழுக்கி விளையாடுகிற பிள்ளைகள், சேலைத் தலைப்பைச் சரிபண்ணுகிற பெண்கள் எல்லாரும் இரண்டாகப் பிரிவார்கள். வீடியோக்காரர் கமராவோடு சுவரோரம் நிற்பார்; அங்கே எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

2008 இலையுதிர் காலத்தில் பிரெடெரிசியாவில் நடந்த ஒரு கலியாணத்துக்குத் தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டுகிற பிரேபனும் வந்திருந்தான். வேலை முடிந்த பின்னேரங்களில் அவன் ஊரின் அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்குப் பயிற்சியாளன். கிடாரம் வந்து இறங்கியதும் தட்டோடு எழும்பி வந்தான்.

"குகா, முன்னால் போகும்போது நீ எதைப் பார்க்கிறாய்? கிடாரத்தையா?"

"கிடாரத்தை ஏன் பார்க்கிறது? அது பின்னால் வரும். வழியில் நிற்கிற ஆளைத்தான் பார்க்கிறது."

பிரேபனின் கண் கலங்கிவிட்டது. பாதி, அப்போது கடித்த மோர்மிளகாய். மீதி உண்மையான கண்ணீர். இந்த ஒன்றைத் தன் பெடியன்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவன் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான்.

அங்கேயே கடதாசித் தட்டில் பாடம் நடந்தது. லட்டு, பந்தை வைத்து ஓடுகிறவன். வடை, லட்டுக்கு முன்னால் ஓடுகிறவன். அவனுக்குப் பெயர் ஃபுல்பாக். தட்டின் மறுகரையில் அப்பளத் துண்டுகள்: லட்டைப் பிடித்து விழுத்தக் காத்திருக்கும் எதிரணி. "வடை போய் அப்பளத்தை நொறுக்கும். அந்த வெளிக்குள்ளால் லட்டு கடைசிக் கோட்டைத் தாண்டும். அவ்வளவுதான் விளையாட்டு," என்றான் பிரேபன்.

"வடையிடம் பந்தைத் தரமாட்டார்களா?"

"எப்போதாவது. மிகவும் அந்தரமென்றால், வேறு வழி இல்லாவிட்டால்."

"வென்றால் பேப்பரில் வடையின் படம் வருமா?"

"லட்டின் படம் வரும்."

குகநேசனுக்கு அந்த உத்தியோகம் உடனே பிடித்துக்கொண்டது. படம் வராது, பந்தும் வராது, ஆனால் ஆள் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. இத்தனை வருடமும் சாம்பாருக்கு அவர் செய்தது அதைத்தான்.

றஜனிக்கு இது விளங்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து, கணவர் தோளில் பெட்டி பெட்டியாகக் கவசம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பந்தே தராத விளையாட்டுக்கு என்னத்துக்கப்பா போறியள்?"

"பந்து பிறகால வரும், றஜனி."

"ஆரிட்ட வரும்?"

"எனக்குப் பிறகால வாறவனிட்ட."

"அப்ப அவன்ர பெண்சாதி உடுப்பைத் தோய்ச்சுக் குடுக்கட்டும்."

விளையாட்டு அவருக்கு நன்றாக வந்தது. முழங்காலை மடி, முதுகை நேராக வை, கீழே போய் மேலே தூக்கு என்று தொழிற்சாலைச் சுவரெல்லாம் படம் ஒட்டியிருக்கும். கதவுக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தியது. எதிரே நிற்கிறவனுடைய இடுப்புயரத்துக்குத் தாழ்ந்து, தலையை நிமிர்த்தி, தோளை அவன் நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, முட்டின பிறகும் காலை நிறுத்தாமல் சின்னச் சின்ன அடியாக நடந்துகொண்டே இருந்தால் எவனும் நகருவான். காலை நிறுத்தினால் எவனும் நகரமாட்டான். இதெல்லாம் அவருக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டது. "சுடுகுது!" என்று கத்துவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு ஆளை இடிப்பது மரியாதையில்லை என்றார். பிரேபன் விட்டுவிட்டான்.

சிக்கல் காலில் இருந்தது.

தோளால் இடிப்பதில் குகநேசனுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. ஆள் மூச்சுப் போய் வானத்தைப் பார்த்துக் கிடந்தாலும் அது விளையாட்டு. ஆனால் கால் பட்டால் அது வேறு. கால் ஒருவரில் பட்டால் குனிந்து அவரைத் தொட்டு, தொட்ட விரலைக் கண்ணில் ஒற்ற வேண்டும் என்று சின்ன வயதில் தாய் பழக்கிவிட்டிருந்தாள். அந்தப் பழக்கம் விமானமேறி அவரோடு வந்து, விசா இல்லாமலே தங்கிவிட்டது. ஒருமுறை பஸ்ஸில் ஒரு பெண்ணின் பையில் கால் பட்டு, அதைத் தொட்டுக் கும்பிடப் போனார். அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டாள்.

பயிற்சியில் அவர் அடிக்கடி குனிவதைப் பார்த்தவர்கள் சப்பாத்து நாடா கட்டுகிறார் என்று நினைத்தார்கள்.

உண்மை ஓல்போர்க்கில் வெளிப்பட்டது. 2009 ஏப்ரல் கடைசி, பருவத்தின் முதல் போட்டி. பந்து மிக்கெலின் கைக்கு வந்தது. மிக்கெல்தான் லட்டு; மெலிந்த, வேகமான பெடியன். குகநேசன் "சுடுகுது!" என்று கிளம்பி ஒருவனை இடப்பக்கம் வைத்தார், இன்னொருவனை வலப்பக்கம் வைத்தார். முன்னால் வெறும் புல். கடைசிக் கோடு தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, கீழே விழுந்து கிடந்த ஒரு செந்தாடிக்காரனின் புறங்கையில் அவருடைய சப்பாத்துப் பட்டது.

குகநேசன் நின்றார். குனிந்தார். செந்தாடிக்காரனின் தோளைத் தொட்டார். விரலைக் கண்ணில் ஒற்றப் போனார். ஹெல்மெட் கம்பி தடுத்தது. கம்பிக்குள்ளால் விரலை விட்டு ஒற்றினார். இதற்கிடையில் பின்னால் முழு வேகத்தில் வந்த மிக்கெல், இருந்தாற்போல் முன்னால் எழும்பிய அந்தப் பெரிய பின்புறத்தில் மோதி, பந்து ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகப் பறந்தான். பந்தை ஓல்போர்க்காரன் ஒருவன் பொறுக்கிக்கொண்டு மற்றக் கரைக்கே ஓடிவிட்டான். திகைத்துத் திரும்பிய குகநேசன் மிக்கெலின் காலை மிதித்துவிட்டார். அவனுக்கும் ஒரு கும்பிடு.

செந்தாடிக்காரனின் பெயர் ஏஸ்பன், தபால்காரன். எழும்பி நடுவரிடம் போனான். "இவர் எனக்கு என்ன செய்தார்?"

"எனக்குத் தெரியாது," என்றார் நடுவர். "ஆனால் அதற்குத் தண்டனை இல்லை."

அது சூனியமாக இருக்கலாம் என்று நினைத்து ஏஸ்பன் மீதி நேரம் முழுக்கக் குகநேசனுக்கு எட்டவே நின்றான். போட்டி முடிந்து சொசேஜ் கடையடியில் குகநேசன் விளக்கம் சொன்னபோது, கையில் இருந்த சொசேஜைத் திரும்பத் தட்டில் வைத்தான். "எத்தனை பேர் என்னை மிதித்திருக்கிறார்கள்," என்றான் பிறகு, அரைக் குரலில். "ஒருத்தனாவது குனிந்து பார்த்ததில்லை."

பிரேபனுக்கு அப்படி நெகிழ்ச்சி ஒன்றும் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் குகநேசனுக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். "நல்லாய்க் கேள். விசிலுக்கு முன்னால் குனியக்கூடாது. உன்னைப்போல் முன்னால் போகிற ஆள் எனக்குக் கிடைக்கமாட்டான், அது தெரியும். ஆனால் இன்னொரு முறை ஆட்டத்துக்கு நடுவில் குனிந்தாயென்றால் அதற்குப் பிறகு களத்துக்கு வெளியே வாங்கில்தான் குந்தியிருப்பாய். கடைசிவரை."

குகநேசன் தலையாட்டினார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைபோல ஒரு விளையாட்டுக்காக ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

காரணம் உண்டு. அந்த வருடம் தமிழர் யார் யாரைக் கண்டாலும் கேட்டது ஒரே கேள்வி. றஜனியின் தம்பி நிருபன் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். மாசியோடு போன் நின்றுவிட்டது. கடையில், கோயிலில், வாகனத் தரிப்பிடத்தில், தமிழ்ச் சங்கச் செயலாளர் கனகசபை அண்ணை தொடக்கம் முகம் மட்டும் தெரிந்தவர்கள்வரை, "தம்பி, ஏதும் செய்தி வந்ததோ?" அன்போடுதான் கேட்டார்கள். றஜனிக்கு முன்னால் நின்று அந்தக் கேள்வியைக் குகநேசன் வாங்குவார். வீட்டில் போன் அடித்தால் முதலில் எடுப்பதும் அவர்தான். "இல்லை அண்ணை, இன்னும் இல்லை." அந்தப் புல்வெளி ஒன்றில் மட்டும் அவரை யாரும் கேட்கவில்லை. அங்கே அவரிடம் இருந்த ஒரே கேள்வி, எதிரே நிற்கிறவனை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான். அந்த இரண்டு மணித்தியாலத்தையும் வாங்கில் இருந்து பார்த்தால், கேள்வி அங்கேயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

மே நடுப்பகுதியில் சண்டை முடிந்தது, நிருபனின் செய்தி வரவில்லை. றஜனி சோபாவில் படுத்தவள் எழும்பவில்லை. குகநேசன் கதவு தூக்கினார், வந்து சோறு போட்டார், போன் எடுத்தார். பயிற்சிக்குப் போகவில்லை. பிரேபனும் வா என்று சொல்லவில்லை. தொழிற்சாலையில் பாரந்தூக்கியை அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, தன் கோப்பியில் பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவான்.

யூன் கடைசியில் கனடாவில் இருந்து ஒரு செய்தி வந்தது. நிருபனை அகதி முகாமில் கண்ட ஆள் ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். உயிரோடு இருக்கிறான். குரல் இன்னும் கேட்கவில்லை. றஜனி எழும்பிக் குளித்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கவசமெல்லாம் ஏன் மூலையில கிடக்கு?" என்று கேட்டாள்.

அப்போதுதான் குகநேசன் பஸ்ஸில் பிரேபன் சொன்னதைச் சொன்னார். றஜனி கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"கோயில்ல நாங்கள் எப்ப விழுந்து கும்பிடுறம்?"

"பூசை முடிய."

"பூசைக்கு நடுவில ஐயற்ற காலுக்க போய் விழுகிறனியளோ?"

"இல்லை."

"அப்ப உங்கட பூசை முடியிறது விசில். விசில் ஊதினாப் பிறகு எல்லாரையும் ஆறுதலாத் தொட்டுக் கும்பிடுங்கோ. சாமி ஒண்டும் சொல்லாது."

குகநேசன் மூலையில் கிடந்த கவசத்தை எடுத்தார். இவ்வளவு சுலபமா? புத்தி ஏற்றது, முதுகு ஏற்கவில்லை. எனவே வீட்டிலேயே பயிற்சி தொடங்கியது. பின்னேரத்தில் றஜனி குக்கரில் பருப்பைப் போட்டுவிட்டுக் குசினி வாசலில் காலை நீட்டிக்கொண்டு நிற்பாள். குகநேசன் கவசத்தோடு "சுடுகுது" என்று ஓடி வந்து அவள் காலில் மெதுவாக ஒரு மிதி. குக்கர் விசில் அடிக்கும்வரை குனியக்கூடாது.

"முதுகு வளையுது!"

"இல்லையப்பா, நேராத்தான் நிக்கிறன்."

"கை இறங்குது, கை!"

"உவன் குக்கர் என்ன செய்யிறான்?"

"பருப்பு இப்பதான் போட்டது. நில்லுங்கோ."

நெற்றியில் வியர்வை அரும்பி, தாடை இறுகி, அவர் பருப்பு அவியும்வரை நிற்பார். விசில் அடித்ததும் தொப்பென்று விழுந்து கும்பிடுவார். றஜனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தம் அந்த வீட்டில் எங்கே வைத்தது என்று மறந்துபோன ஒரு பொருள்போலக் கிடைத்தது.

ஓகஸ்டில் கடைசிப் போட்டி. ஹொல்ஸ்டெப்ரோவில், அதே ஓல்போர்க்கோடு, மழையில். கனகசபை அண்ணை தன் காரில் றஜனியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணி, ஒரு பெட்டி றோல்ஸ், பெரிய குடை. விளையாட்டின் சட்டம் ஒன்றும் தெரியாது, ஆனால் அது அவருடைய குரலைக் குறைக்கவில்லை.

"பந்தை வாங்கு தம்பி குகன்! ஏன் உவனிட்டக் குடுக்கிறாய்!"

"அண்ணை, அவருக்குப் பந்து இல்லை," என்றாள் றஜனி.

"ஏன் இல்லை? தமிழன் எண்டதால குடுக்கமாட்டாங்களோ? சங்கத்தால ஒரு கடிதம் போடட்டே?"

"அவர் முன்னுக்குப் போற ஆள் அண்ணை. எங்கட கலியாணத்தில கிடாரத்துக்கு முன்னால போறவரெல்லோ? அது மாதிரி."

கனகசபை அண்ணை கொஞ்சம் யோசித்தார். "அப்ப சாம்பார் ஆர்?"

"அந்த மெலிஞ்ச பெடியன்."

"ஆ! இதை முந்தியே சொல்லியிருக்கலாமெல்லோ பிள்ளை." அன்று முழுவதும் அவர் மிக்கெலைச் சாம்பார் என்றே கூப்பிட்டார்.

களத்தில் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ஏஸ்பன் அந்தப் பழக்கத்தை ஓல்போர்க் முழுக்கப் பரப்பியிருந்தான். தபால் கொடுக்கப் போய் ஒரு நாயின் வாலை மிதித்து, அதையும் தொட்டுக் கும்பிட்டானாம். இப்போது விசில் ஊதும் ஒவ்வொரு முறையும் குகநேசன் குனிந்து அவனைத் தொட, அவன் குனிந்து குகநேசனைத் தொட, மற்றவர்களும் தங்கள் தங்கள் ஆளைத் தேடித் தொட, ஆட்டம் தாமதமாகிக்கொண்டு போனது. நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிரேபன் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் விசிலுக்குப் பிறகுதான் நடந்தது. ஆனால் கையை வாங்கின் விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றான், ஓர் ஆளுக்கு இடம் பிடிப்பவன்போல.

நேரம் முடிய இன்னும் ஒரே ஓர் ஓட்டம். ஹொல்ஸ்டெப்ரோ நாலு புள்ளி பின்னுக்கு. கோட்டுக்கு இரண்டு எட்டுத் தூரம். பிரேபன் விரலைக் காட்டினான்: நடுவால், குகநேசனுக்குப் பின்னால்.

குகநேசன் தாழ்ந்தார். பந்தைப் பார்க்கவில்லை. அது பின்னால் வரும்.

"சுடுகுது!"

கரையில் இருந்து கனகசபை அண்ணையும் "சுடுகுது! விலத்துங்கோ!" என்று குடையோடு பாய்ந்தார். முதலாவது ஆள் குகநேசனின் தோளில் ஏறி அப்படியே சேற்றில் இருந்தான். அடுத்த அடி வைத்தபோது காலுக்குக் கீழே மெத்தென்று ஒன்று. ஒரு கை. யாருடையதென்று தெரியவில்லை.

முதுகு வளையத் தொடங்கியது. முப்பது வருடப் பழக்கம் அது, கேட்டுவிட்டு வருவதில்லை. கரையில் நின்ற றஜனி அந்த முதுகைக் கண்டாள். இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"பருப்பு அவியேல்லை!"

ஹொல்ஸ்டெப்ரோவின் எல்லா ஜனங்களும் திரும்பிப் பார்த்தார்கள். குகநேசனின் முதுகு நேரானது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை நகர்த்தினார். சின்ன அடி, சின்ன அடி. முன்னால் செந்தாடி. இருவரும் மோதிய சத்தம் கார்க்கதவு அடித்ததுபோல் கேட்டது. சேறு இருவரையும் பொதுவாக ஏமாற்ற, குகநேசன் வழுக்கிக் குப்புற விழுந்தார். வழி அடைபட்டது. ஏஸ்பன் நின்ற நிலையில் நின்றான், மிக்கெல் நேரே அவன் கைக்குள் வந்துகொண்டிருந்தான்.

ஏஸ்பன் மிக்கெலைப் பிடிக்க ஓர் அடி எடுத்து வைத்தான். அந்த அடி குகநேசனின் விரல்களில் விழுந்தது.

ஏஸ்பனுக்குப் பருப்பு அவியவைக்க வீட்டில் யாரும் இருக்கவில்லை. நின்றான். குனிந்தான். குகநேசனின் தோளைத் தொட்டு, விரலைக் கம்பிக்குள்ளால் விட்டுக் கண்ணில் பக்தியோடு ஒற்றினான். வளைந்த அந்தச் செந்தாடிக்காரன் முதுகில் ஒரு கையை ஊன்றி, மிக்கெல் வேலி பாய்கிறவன்போலப் பாய்ந்து கோட்டுக்கு அப்பால் விழுந்தான்.

விசில்.

ஓல்போர்க் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றிச் சேற்றில் அடித்து, அதன்மேல் ஏறி நின்று மிதித்தார். தொப்பிக்கு ஒருவரும் குனியவில்லை. கனகசபை அண்ணை, "சாம்பார் வந்திட்டுது! சாம்பார் வந்திட்டுது!" என்று முன்பின் தெரியாத ஒரு டெனிஷ்காரருக்கு றோல்ஸ் ஊட்டினார். குகநேசன் எழும்பி, தான் மிதித்த கைக்காரரை ஒவ்வொருவராகத் தேடத் தொடங்கினார்.

பிரேபன் வந்து முன்னால் நின்றான். யாரை ஏசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"குனிந்தது அவன்," என்றான் கடைசியில்.

"ஓம்," என்றார் குகநேசன், தமிழில்.

"நீ குனியவில்லை."

"ஓம்."

"செவ்வாய்க்கிழமை பயிற்சி. பிந்தி வராதே." இவ்வளவு நேரமும் வாங்கின் விளிம்பில் வைத்திருந்த கையாலேயே பிரேபன் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சேறு வடிய வந்து நின்ற கணவரை றஜனி மேலும் கீழும் பார்த்தாள். "வீட்டில எனக்கு முன்னுக்கு நிண்டு சும்மா செய்யிற வேலைக்கு இஞ்ச ஹெல்மெட்டும் குடுத்திருக்கிறாங்கள்," என்றாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஃபிளாஸ்க்கைத் திறக்கப் போராடினாள்.

செப்ரெம்பரில் ஒரு ஞாயிறு காலை போன் அடித்தது. வழக்கம்போல் குகநேசன் எடுத்தார். முதலில் இரைச்சல். பிறகு, "அத்தான்?"

அவர் போனை றஜனியிடம் நீட்டினார். அவள் அழுதாள், அங்கே அவனும் அழுதான். கடன் வாங்கிய போன், கனநேரம் கதைக்க முடியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு றஜனிதான் சொன்னாள்:

"டேய் நிருபன், உன்ர அத்தான் இஞ்ச வெள்ளைக்காரரை இடிச்சு விழுத்திப்போட்டு, பிறகு தொட்டுக் கும்பிடுறார்."

இரைச்சலுக்குள் ஒரு விக்கல். "என்னது? என்னத்துக்கு?"

"பந்து வாறதுக்கு."

"அத்தானுக்கோ?"

"இல்லையடா, பிறகால வாறவனுக்கு."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். பருப்பு அவிகிற நேரம்கூட இல்லை, லைன் அறுந்துவிட்டது. றஜனி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். குகநேசன் அவளைத் தாண்டிக் குசினிக்குப் போகிற அவசரத்தில் அவளுடைய காலை மிதித்துவிட்டு, நிமிர்ந்தபடியே நின்றார்.

"என்னப்பா பார்க்கிறியள்?" என்றாள் றஜனி. "பூசை முடிஞ்சுது. குனியுங்கோ."